இடப்பக்கம் பார்த்த சாட்சி

ஜனவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

உறையின் மேலிருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் நான்கு வருடம் என் கிறுக்கலைப் படித்துத் தட்டச்சு செய்தவர் நீங்கள். கோர்ட் நேரத்தில் உங்களை ‘தட்டச்சர்’ என்றும், சாயங்காலம் கோப்புகளைக் காரில் ஏற்றும்போது ‘அண்ணா’ என்றும் கூப்பிட்டவள்தான் எழுதுகிறேன். மாற்றலாகி வந்தபின் ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஏப்ரல் 12 அன்று எனக்கு அறுபத்தைந்து முடிகிறது. அன்றோடு உச்ச நீதிமன்றத்தைவிட்டு இறங்குகிறேன். சட்டக் கல்லூரிக்காரர்கள் என் தீர்ப்புகளைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறார்கள். முதல் தீர்ப்பு எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரக்கிடங்கு முதலாளி கொலை. கிடங்கில் வேலை பார்த்தவர் குற்றவாளிக் கூண்டில். “அன்னைக்கு மத்தியானம் அவரும் நானும் எங்க வீட்டுக் கூரையில ஓடு மாத்திக்கிட்டிருந்தோம்” என்று அவர் மனைவி சாட்சி சொன்னார். நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் எழுதினேன்: “கேள்விக்கும் பதிலுக்கும் இடையே நீளும் மௌனம், உண்மை தன்னை நினைவுகூரும் நேரமல்ல; பொய் தன்னைச் சீர்செய்துகொள்ளும் நேரம்.”

என்னை யாரும் திரும்பிப் பார்க்காத காலம் அது. அந்த ஒரு வரிதான் என்னைத் தூக்கிவிட்டது. மேல்முறையீட்டில் அதை அப்படியே எடுத்தாண்டார்கள். இன்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அடுத்த மாதம் 20ஆம் தேதி என் அமர்வுக்கே ஒரு வழக்கு வருகிறது. ஒரு மின்பணியாளருக்கு ஆயுள் தண்டனை. அவர் தாயின் சாட்சியத்தை இதே வரியைச் சொல்லித்தான் கீழ்க் கோர்ட்டுகள் தள்ளியிருக்கின்றன. வழக்குப் பட்டியலில் வந்த செய்திதான், ரகசியமில்லை.

அந்த விசாரணை நாளைப் பற்றிப் புத்தகத்துக்கு இரண்டு பக்கம் எழுதித் தருவீர்களா? உங்கள் குறிப்பு நோட்டும் இருந்தால் அனுப்புங்கள். நீங்கள் எதையும் தொலைக்கிற ஆள் இல்லை.

அன்புடன்,
தங்கை


ஜனவரி 17

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை என் மனைவி பிடுங்கிப் படித்துவிட்டு, “உச்ச நீதிமன்றத்துல இருந்து உங்களுக்கா? என்ன தப்பு பண்ணினீங்க?” என்று கேட்டாள். இந்த வீட்டில் எனக்குள்ள மரியாதை அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெற்று ஏழு வருஷமாகிறது. மருமகன் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான். அதில் அடித்தால் சத்தமே வருவதில்லை. சத்தமில்லாமல் அடித்தால் வேலை செய்த மாதிரியே இல்லை. எனவே பேனாவுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்ட இரண்டு பக்கம் எழுத எனக்குக் கை வராது அம்மா. மணிக்கட்டில் வலி. நோட்டுகளும் மழையில் நனைந்து போய்விட்டன. அந்த நாள் சரியாக நினைவும் இல்லை. கோர்ட்டில் எத்தனை நாள், எத்தனை சாட்சி! வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள். பழைய பெஞ்ச் கிளார்க் உயிரோடு இருக்கிறார். அவருக்கு மேடையும் மாலையும் என்றால் கொள்ளை ஆசை.

தாங்கள் நீடூழி வாழ வேண்டும்.

பணிவுடன்,
தட்டச்சர்


ஜனவரி 24

அண்ணா,

மணிக்கட்டில் வலி உள்ளவர் வரிக்கு வரி இத்தனை அழகாக எழுதமாட்டார். நீங்கள் நோட்டுகளை இரும்புப் பெட்டியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வீர்கள். நனைந்ததாம்!

கடைசிப் பத்தியில் ஒரு வரியை அடித்துத் திருத்தியிருக்கிறீர்கள். அடித்ததைப் படிப்பது என் பிழைப்பு. தாளை விளக்குக்கு எதிரே பிடித்தேன். “அந்தப் பெண் பாவம் அம்மா” என்று எழுதி அடித்திருக்கிறீர்கள்.

அவர் ஏன் பாவம்? பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.


பிப்ரவரி 2

அம்மா,

சொல்கிறேன். இருபத்தாறு வருஷமாக மென்று விழுங்கியதைச் சொல்கிறேன். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கோர்ட்டில் வழக்கம் என்ன? சாட்சி பேசுவார். நீங்கள் கேட்டு, அதைச் சீராக்கி எனக்குச் சொல்வீர்கள். நீங்கள் சொல்வதைத்தான் நான் அடிப்பேன். சாட்சி எவ்வளவு வேகமாகப் பேசினாலும் எனக்குக் கவலையில்லை. அரசுத் தரப்புச் சாட்சிகள் பதினான்கு பேரும் அப்படித்தான் பேசிவிட்டுப் போனார்கள்.

அந்தப் பெண் சாட்சி சொல்ல வந்த அன்று உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்தது. காலையில் அறைக்குக் கூப்பிட்டு, சாட்சி சொல்வதை நேராக அடிக்கும்படி தாளில் எழுதிக் காட்டினீர்கள். நேராக அடித்து எனக்குப் பழக்கமில்லை. கேள்வியையும் அடிக்க வேண்டும், பதிலையும் அடிக்க வேண்டும். ஒரு வரி விட்டாலும் கொலை வழக்கு. நானோ பதினோரு வருஷமாகத் தற்காலிக ஊழியன். நிரந்தர உத்தரவு வருகிற மாதம் அது.

கோர்ட் கூடுவதற்கு முன் அந்தப் பெண் வெளிவராந்தாவில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சொன்னேன்: “இந்தாம்மா, வக்கீல் கேட்டதும் சடசடன்னு சொல்லிடாதே. நான் கேள்வியை அடிச்சு முடிக்கணும். மெஷின் சத்தம் நிக்கிற வரைக்கும் பொறு. என்னைப் பாரு. நான் நிமிர்ந்ததும் பதில் சொல்லு. புரிஞ்சுதா?” அவர் எழுந்து நின்று, “சரிங்கய்யா” என்றார்.

சொன்னதை அப்படியே செய்தார். ஒவ்வொரு கேள்விக்கும் காத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்ததும் பேசினார். அரசு வக்கீல் சத்தம் போட்டபோதுகூட, பாவம், மெஷின் நிற்கும்வரை வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினோரு நாள் கழித்துத் தீர்ப்பை நீங்கள் வாசிக்க, நான் அடித்தேன். “இச்சாட்சி ஒவ்வொரு கேள்விக்கும் பின் நெடுநேரம் மௌனம் காத்து, இடப்பக்கம் எவரையோ பார்த்து, அதன் பின்னரே பதிலளித்தார். சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சி என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.” என் விரல் நின்றுவிட்டது. நீங்கள் “என்ன?” என்றீர்கள். நான் “ரிப்பன் சிக்கிக்கிச்சு அம்மா” என்றேன்.

சிக்கவில்லை. ரிப்பன் நன்றாகத்தான் இருந்தது. அந்த எவரோ நான்தான் அம்மா.

மெஷின் சத்தம் உங்களுக்கு எப்படிக் கேட்காமல் போயிற்று என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தினமும் கேட்பது காதில் விழுவதில்லை போலும். எனக்கும் என் மனைவியின் குரல் அப்படித்தான். மன்னியுங்கள், வேடிக்கை பேசும் நேரமில்லை இது.

நோட்டு பத்திரமாக இருக்கிறது. நேராக அடிக்கச் சொல்லி நீங்கள் எழுதிக் காட்டிய தாளும் அதற்குள்ளேயே இருக்கிறது.

தட்டச்சர்


பிப்ரவரி 9

உங்கள் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. இன்றுதான் பதில் எழுத முடிந்தது. கோர்ட்டில் உட்கார்ந்து என்ன கேட்டேன், என்ன உத்தரவிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏன் அன்றே சொல்லவில்லை? ஒரு வார்த்தை. “அம்மா, நான்தான் பொறுக்கச் சொன்னேன்.” ஐந்து நொடி ஆகியிருக்குமா? ஒரு மனிதர் பதின்மூன்று வருடம் உள்ளே இருந்தார். உங்களுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. நன்றாக இருக்கிறது கணக்கு!

அந்த வழக்கில் வேறு ஆதாரமும் இருந்தது. முதலாளியோடு அவருக்குக் கூலித் தகராறு. கிடங்குக் கோடாலியில் அவர் கைரேகை. மனைவியின் சாட்சியத்தை ஒதுக்கிவிட்டாலும்

இந்த வாக்கியத்தை முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. கிடங்கில் வேலை செய்தவரின் ரேகை கிடங்குக் கோடாலியில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்? மனைவியை நம்பியிருந்தால் வழக்கே இல்லை.

முப்பத்தைந்து வருடம் கல்யாணம் காட்சிக்குப் போகாமல் இருந்தேன். யார் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்று பேசுவார்கள் என்பதற்காக. அண்டை வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. என் சொந்த அக்கா மகன் வக்கீலானபோது அவனை வீட்டுக்கு வராதே என்றேன். இன்னமும் வருவதில்லை. இத்தனையும் எதற்கு? தவறு நடக்கக் கூடாது என்பதற்காக. தவறோ, என் மேடைக்கு நாலடி தள்ளி மேஜை போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

உங்களை என்னால் இப்போது மன்னிக்க முடியாது. சொல்லிவிட்டேன்.


பிப்ரவரி 14

அம்மா,

மன்னிக்க வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

அந்தத் தீர்ப்புக்கு முந்தைய வாரம் ஒரு ஜாமீன் உத்தரவில் தேதி தவறாக இருந்தது. நான் எழுந்து சொன்னேன். வக்கீல்கள் நிறைந்த கோர்ட்டில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? “தட்டச்சருக்கு விரல் இருந்தால் போதும், அபிப்பிராயம் வேண்டாம்.” எல்லோரும் சிரித்தார்கள். தேதி தவறுதான் என்று அன்று மாலை நீங்களே திருத்தினீர்கள். சிரித்தவர்களிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. அடுத்த வாரம் என் வாய் எப்படித் திறக்கும்? இது சாக்குத்தான். எனக்குத் தெரியும். பயந்தாங்கொள்ளிக்கு ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துவிடும். ஆனால் அதைக் கையில் எடுத்துக் கொடுத்தது நீங்கள்.

உங்களைத் திட்டியதோடு நான் நிறுத்தவில்லை. நேற்று அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். மருத்துவமனைக்குப் படுக்கை விரிப்புத் தைக்கும் கடையில் இருக்கிறார். இத்தனை வருஷமும் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியாகவே மார்க்கெட்டுக்குப் போனவன் நான்.

என்னைப் பார்த்ததும் கண்டுகொண்டார். தையல் மெஷினை நிறுத்தவில்லை. “நீங்கதானே மெதுவா சொல்லச் சொன்னீங்க?” என்றார். ஆமாம் என்றேன். மெஷின் நின்றது.

“எங்க வக்கீல்கிட்ட சொன்னேன். சிரிச்சாரு. ஜெயிலுக்குப் போயி அவருகிட்ட சொன்னேன். ‘ஏன்டி தயங்கினே, உன் தயக்கந்தான்டி என்னை உள்ள தள்ளிச்சு’ன்னாரு. டைப் அடிக்கிறவரு சொன்னாருன்னு சத்தியம் பண்ணினேன். ‘அவ்வளவு பெரிய கோர்ட்டுல எழுதி வெச்சிருக்காங்க, நீ கதை சொல்றே’ன்னுட்டாரு. வெளிய வந்து மூணு மாசம் இருந்தாரு. சாப்பாடு போட்டா சாப்பிடுவாரு. பேச மாட்டாரு. அப்புறம் வீட்டை விட்டுப் போயிட்டாரு.” இவ்வளவையும் அழாமல் சொன்னார். அழுதது நான்தான். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நீங்கள் நேரில் வந்தால் உங்களோடு பேசுவாரா என்று அவரிடம் கேட்டேன். “எங்கிட்ட எதுக்கு? நான் என்ன பேசினேன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரருகிட்ட போயி சொல்லச் சொல்லுங்க” என்றார்.

மின்பணியாளர் வழக்கு 20ஆம் தேதி. இன்னும் ஆறு நாள்.

தட்டச்சர்


பிப்ரவரி 21

அண்ணா,

ஜாமீன் உத்தரவு நினைவிருக்கிறது. சிரித்தவர்களின் முகமும் நினைவிருக்கிறது. நானும் சிரித்தேன். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான், இதைவிட நல்ல பதில் கிடைக்கவில்லை.

நேற்று அந்த வழக்கிலிருந்து விலகிக்கொண்டேன். விலகினால் போதாது. காரணம் சொல்லாமல் விலகினால் வரி அப்படியே நிற்கும், அந்த மின்பணியாளரும் அப்படியே உள்ளே இருப்பார். ஆகவே நம் கடிதங்கள் எல்லாவற்றையும், நான் உங்களைத் திட்டியது, நீங்கள் என்னைத் திட்டியது உட்பட, தலைமை நீதிபதியிடம் கொடுத்துவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, “இன்னும் ஐம்பது நாள்தாங்க இருக்கு. ஓய்வுக்கு அப்புறம் கட்டுரையா எழுதலாமே?” என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஐம்பது நாளில் உள்ளே இருப்பவருக்கு ஐம்பது நாள் கூடும் என்றேன்.

மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த வழக்கைக் கேட்கும். என் வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களுடையதும் தேவை. நோட்டோடு, சத்தியம் செய்து, கையெழுத்துப் போட்டு. பத்திரிகையில் பெயர் வரும். உங்கள் மனைவி, மருமகன் எல்லோரும் படிப்பார்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தமாட்டேன்.

தங்கை


பிப்ரவரி 27

அம்மா,

கையெழுத்துப் போட்டு, நோட்டோடு இன்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மனைவியிடம் முதலில் சொன்னேன். “அந்தப் பொண்ணுக்கு நீங்க தச்சுக் குடுத்த பேரை இருபத்தாறு வருஷம் அவ போட்டுக்கிட்டிருந்தா. உங்களுக்கு ரெண்டு நாள் பேப்பர்ல வந்தா என்ன, செத்தா போயிடுவீங்க?” என்றாள்.

சாகவில்லை.

தட்டச்சர்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணா,

செய்தி பார்த்திருப்பீர்கள். ஏப்ரல் 9ஆம் தேதி அந்த வரி செத்தது. “மௌனத்தின் காரணத்தைச் சாட்சியிடமே கேட்காமல், அதை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது” என்று மூவரும் ஒருமனதாக எழுதிவிட்டார்கள். எவ்வளவு எளிதான விஷயம்! “ஏம்மா ஒவ்வொரு தடவையும் நிறுத்துறீங்க?” என்று நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். தொண்டை கட்டியிருந்தால் எழுதிக் காட்டியிருக்கலாம். மின்பணியாளரை விடுதலை செய்தார்கள். பழைய வழக்கையும் மறுபடி எடுத்து, “சாட்சியான மனைவி உண்மையே பேசினார்” என்று பதிவு செய்து, தண்டனையை நீக்கினார்கள். பொதுமக்கள் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். மேடைக்குக் கீழே இருந்து பார்த்தால் நீதிபதிகள் மிகவும் உயரத்தில் தெரிகிறார்கள். இத்தனை வருடம் எனக்கு அது தெரியாது.

பிரிவுபசாரம் நடந்தது. கூட்டம் பாதிதான். பேசியவர்கள் என் முப்பத்தைந்து வருடத்தைப் பற்றிச் சொல்ல ஏதாவது தேடித் தேடி, கடைசியில் என் நேரந்தவறாமையைப் புகழ்ந்தார்கள். புத்தகம் நின்றுபோயிற்று. அக்கா மகன் மட்டும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். “சித்தி, இப்ப வீட்டுக்கு வரலாமா?” என்றான். அழுதுவிட்டேன்.

மறுநாளே கிளம்பி அந்தக் கணவரைத் தேடிப் போனேன். ஒரு லாரிப் பட்டறையில் காவலுக்கு இருக்கிறார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார். எனக்கு எழுந்து நிற்கிறார், அண்ணா! உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நானும் நின்றுகொண்டே சொன்னேன். “உங்கள் மனைவி தயங்கவில்லை. தட்டச்சர் பொறுக்கச் சொன்னார், பொறுத்தார். தப்பு உங்கள் மனைவியுடையது இல்லை. என்னுடையது.”

“அவ பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியாதாம்மா? அவகூட கூரை மேல இருந்தவனே நான்தானே” என்றார். “ஏன் தயங்கினாங்கிறதுக்கு அவ இதையேதான் சொன்னா. நான்தான் நம்பல. ஜட்ஜ் எழுதினதுக்கு மேல இவ பேச்சான்னு இருந்துட்டேன்.” பிறகு கேட்டார்: “இப்ப அவகிட்ட போயி நான் என்னன்னு சொல்றதும்மா?”

எனக்குத் தெரியவில்லை என்றே சொன்னேன். தீர்ப்பின் நகல் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். இதோடு இன்னொரு நகல் இருக்கிறது. அவர் மனைவியிடம் சேர்த்துவிடுங்கள்.

தங்கை


மே 19

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா என்று எழுத வந்த கையை நிறுத்தி இப்படி எழுதியிருக்கிறேன். பிடிக்காவிட்டால் சொல்லிவிடுங்கள்.

நகலைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவர் தையலை ஓரமாக வைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் படித்தார். தன்னைப் பற்றிய வரி வந்ததும் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மடித்து மெஷின் பெட்டிக்குள் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவர் வந்தாராம். கையில் தன் நகலோடு தையல்கடை வாசலில் நின்று, “நீ சொன்னது நெசந்தான்” என்றாராம். அந்தப் பெண் உள்ளே கூப்பிடவில்லை. நடந்ததை என்னிடம் அவரே சொன்னார்:

“நான் சொன்னப்ப நம்பலை. அந்த ஜட்ஜம்மா வந்து சொன்னதும் நம்பிட்டீங்க. அன்னைக்கும் அவங்க பேச்சுதான், இன்னைக்கும் அவங்க பேச்சுதான். என் பேச்சு எங்க போச்சுன்னு கேட்டேன். அதை விட்டுட்டு, சேர்ந்து இருக்கலாமான்னாரு. இதுக்கு நான்தான் தீர்ப்பு சொல்லணும், யோசிச்சுச் சொல்றேன், யாரும் என்னை அவசரப்படுத்தக் கூடாதுன்னுட்டேன்.”

இதை உங்களுக்கு எழுதலாமா என்று கேட்டேன். “தாராளமா எழுதுங்க, அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்” என்றார்.

கணவர் ஒவ்வொரு ஞாயிறும் வந்து எதிர்க்கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நான்கு ஞாயிறு ஆகிவிட்டது. அந்தப் பெண் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.

அண்ணன்